காசு அதே காசுதான்... மரியாதை மட்டும் வேறயா?

பழுப்புநிறத் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, அதன்மேல் மகளை நிற்கவைக்கிறாள் அம்மா. `அசையாம நில்லு' என்று ஓர் அதட்டல். பிறகு குனிந்து உட்கார்ந்து, பிஞ்சுப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறாள். அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்புகிறாள். பிள்ளைக்குப் புது ஷூ வாங்க!

மகளையே கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். போயிருக்கலாம். ஆனால், கடைக்காரர் அந்தக் குழந்தையின் காலில் ஷூவை மாட்டிப்பார்க்க விடமாட்டார். கறுப்பினக் குழந்தையின் கால் பட்ட ஷூவை வெள்ளையர்கள் வாங்க மாட்டார்களாம். அதனால்தான் அந்தத் தாள். அளவு சரியாக இருந்தால் அதிர்ஷ்டம். கடித்தால், அந்தக் கடியோடுதான் அந்த வருஷம் பள்ளிக்கூடம்.

இது கதையல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1960-கள் வரைக்கும் பல ஊர்களில் நடந்தது இதுதான். தொப்பியைத் தலையில் வைத்துப்பார்க்க வேண்டுமானால் முதலில் ஒரு துணியைத் தலைக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். சில கடைகளில் அதுவும் கிடையாது. கவுனை உடம்பின்மேல் வைத்துப்பார்த்துவிட்டு, குத்துமதிப்பாக வாங்கிக்கொண்டு வர வேண்டும். ட்ரையல் ரூம் இருக்கிறது. ஆனால், அது அவர்களுக்கில்லை. வாங்கிய துணி பொருந்தவில்லை என்றால் திருப்பித் தரவும் முடியாது.

ஆனால், ஒரு விஷயத்தில் மட்டும் எந்தக் கடையும் வித்தியாசம் பார்த்ததில்லை. கல்லாப்பெட்டி. அந்த அம்மா நீட்டிய டாலரை, `இது கறுப்புக் கை தொட்டது' என்று எந்த முதலாளியும் திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை!

இந்த ஓட்டையைத்தான் அந்தப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். எங்கே வாங்குவது, எங்கே வாங்காமலிருப்பது என்ற முடிவு தங்கள் கைப்பையில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஓட்டுப்போடக்கூட வழியில்லாத ஊர்களில், வாங்கும் சாமானையே ஓட்டாக மாற்றினார்கள்.

50 பேர் கூடிய ஒரு கூட்டம்

டெட்ராய்ட் என்றதும் கார் கம்பெனிகள்தான் நம் நினைவுக்கு வரும். அந்தக் கார் தொழிற்சாலை வேலைகளை நம்பித்தான் தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் ரயிலேறி வந்தார்கள். 1910-ல் அந்த ஊரில் அவர்கள் எண்ணிக்கை 6,000-த்தைக்கூடத் தொடவில்லை. 1930-ல் சுமார் 1,20,000! வந்தவர்களுக்குத் துணி வேண்டும், அரிசி பருப்பு மாதிரி அவர்களுக்கு மாவும் இறைச்சியும் வேண்டும், மருந்து வேண்டும். கடைகளில் கூட்டம் அள்ளியது. ஆனால், கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களில் அவர்கள் முகம் மட்டும் இல்லை.

அப்போதுதான் உலகையே முடக்கிய பொருளாதார மந்தம் வந்தது. ஆட்குறைப்பு என்றால் முதலில் யாரைக் கைகாட்டுவார்கள் என்று சொல்லவே வேண்டியதில்லை. வீட்டில் ஆணுக்கு வேலை இல்லை. மாத வாடகை நிற்கிறது.

ஃபேனி பெக் என்பவர் அங்கிருந்த பெத்தேல் தேவாலயப் போதகரின் மனைவி. ஹார்லெம் பகுதியில் பெண்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் சமூகத்தினரின் கடைகளை எப்படித் தூக்கி நிறுத்துகிறார்கள் என்று ஒருவர் பேசியதைக் கேட்டது, அவர் மனதில் தங்கிவிட்டது. 1930 ஜூன் 10-ம் தேதி ஒரு கூட்டம் போட்டார். வந்தவர்கள் 50 பெண்கள். `டெட்ராய்ட் இல்லத்தரசிகள் சங்கம்' அன்றைக்குத்தான் பிறந்தது.

சங்கத்தில் சேரப் பெரிய நிபந்தனை எதுவும் இல்லை. ஒரு உறுதிமொழிதான். கறுப்பினத்தவர் நடத்தும் கடைகளை ஆதரிப்பேன், அவர்கள் தயாரிக்கும் பொருள்களை வாங்குவேன், அவர்களில் இருக்கும் டாக்டரையும் வக்கீலையும் தேடிப்போவேன். அவ்வளவுதான். ஊர்வலம் கிடையாது, கோஷம் கிடையாது. எப்படியும் சாயங்காலம் கடைக்குப் போகத்தான் போகிறாய், அந்த நடையைக் கொஞ்சம் திருப்பி நட என்பதுதான் மொத்தத் திட்டமும்.

வேடிக்கையாகத் தெரிகிறதா? நாலைந்து வருடங்களில் இந்த 50 பேர் 10,000 பேர் ஆனார்கள்!

ஏரியா வாரியாகப் பிரிந்துகொண்டார்கள். தெருத்தெருவாக, வீடு வீடாகப் போய் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பேசினார்கள். வெள்ளையர் நடத்தும் கடைகளையும் விட்டுவைக்கவில்லை. `எங்கள் ஆட்கள் தயாரித்த சாமானை உங்கள் ஷெல்ஃபில் வையுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் கடையில் வேலை கொடுங்கள்' என்று நேரில் போய்க் கேட்டார்கள். கேட்பது யார்? வாரா வாரம் பை நிறைய வாங்கிப்போகும் வாடிக்கையாளர். `போம்மா வெளியே' என்று சொல்வதற்கு முன்பு எந்த வியாபாரிக்கும் மனக்கணக்கு ஒன்று ஓடத்தானே செய்யும்?

மற்ற ஊர்களிலும் இதேபோல சங்கங்கள் முளைத்தன. 1933-ல் அது தேசிய அளவிலான அமைப்பாகவே மாறியது. இத்தனைக்கும் இந்தப் பெண்களில் பெரும்பாலானவர்களின் பெயர்கள் பள்ளிப் பாடப்புத்தகங்களில் இல்லை. மேடையில் நின்றவர்கள் வரலாற்றில் நின்றார்கள். மளிகைக்கடைப் பட்டியலோடு நின்றவர்கள்?

பில்லைத் தூக்கிப் போடாதீங்க!

டெட்ராய்ட் பெண்கள் கேட்டுப்பார்த்தார்கள் என்றால், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடந்தது கொஞ்சம் காரசாரம்.

125-வது தெருவில் `ப்ளும்ஸ்டைன்' என்று ஒரு பெரிய துணிக்கடை. சுற்றிலும் கறுப்பின மக்கள் வசிக்கும் பகுதி. கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். ஆனால், லிஃப்ட் இயக்கவும் தரையைத் துடைக்கவும்தான் அவர்களுக்கு வேலை. கவுன்டரில் நின்று துணி விற்க மட்டும் எடுக்கமாட்டார்கள்.

1934-ல் தேவாலயங்களும் சங்கங்களும் சேர்ந்து முதலாளியைச் சந்தித்தன. அந்தப் பேச்சுவார்த்தையில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் எஃபா மேன்லி என்ற பெண். பிற்காலத்தில் ஒரு பேஸ்பால் அணியையே நடத்தி, அந்த விளையாட்டின் `ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவத்தைப் பெற்ற முதல் பெண் என்ற பெயரையும் எடுத்தவர் (அந்த கௌரவம் 2006-ல், அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது என்பது வேறு விஷயம்).

அந்தப் போராட்டத்தில் பெண்கள் கையில் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? பில்! கடையில் வாங்கிய சாமான்களுக்கான பில்லை யாரும் கசக்கி எறியவில்லை. சேர்த்துவைத்தார்கள். `உங்கள் வியாபாரத்தில் எங்கள் பங்கு இவ்வளவு, உங்கள் வேலையில் எங்கள் பங்கு எங்கே?' என்று அந்தத் துண்டுச்சீட்டுக் கட்டே கேட்டது.

முதலாளி மசியவில்லை. கடை வாசலில் மறியல் தொடங்கியது. `வேலை தராத கடையில் வாங்காதே' என்பதுதான் அன்றைய கோஷம். சில வாரங்கள்தான். ஜூலை மாதக் கடைசியில் கடை இறங்கிவந்தது. கறுப்பினப் பெண்களை விற்பனைப் பணிக்கு எடுப்பதாக ஒப்புக்கொண்டது.

சுபம் போடலாம் என்று நினைத்தால், அதுதான் இல்லை. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிறம் சற்று வெளுத்த பெண்கள்தான் என்று உடனே அடுத்த சண்டை கிளம்பியது. கறுப்பிலும் எந்தக் கறுப்பு என்று தரம் பிரித்தது அந்தக் கண். ஃபேர்னஸ் க்ரீம் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மறியல் செய்வது சட்டப்படி சரியா என்ற கேள்வியும் நீதிமன்றம் வரை போனது. வாஷிங்டன் நகர மளிகைக்கடை ஒன்றின் வாசலில் நடந்த இதேபோன்ற மறியல் வழக்கில், 1938-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போராடியவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. மறுவருடமே, அதே வாஷிங்டனில் ஒரு மருந்துக்கடை வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார் தெரியுமா? மேரி மெக்லியோட் பெத்யூன். கல்லூரி நிறுவியவர், அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசில் பொறுப்பில் இருந்தவர். அவரே வந்து வெயிலில் நின்றார்.

எங்கிருந்து வந்தது பணம்?

மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நமக்குத் தெரிந்த கதைதான். 1955 டிசம்பர் 1, ரோஸா பார்க்ஸ் சீட்டிலிருந்து எழ மறுத்தது, கைது, 381 நாள் போராட்டம். ஆனால், ரோஸா பார்க்ஸ் எங்கே வேலை பார்த்தார் என்பது பலருக்கும் தெரியாது. ஊரின் பெரிய துணிக்கடை ஒன்றில் தையல் வேலை. வெள்ளையர் வாங்கும் உடைகளை அளவெடுத்துத் திருத்திக் கொடுக்கும் வேலை. அன்று சாயங்காலம் அவர் பேருந்து ஏறியது அந்த வேலையை முடித்துவிட்டுத்தான்.

அந்தப் பேருந்துகளில் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். அதிலும் ஏராளமானோர், வெள்ளையர் வீடுகளில் சமையலும் துணி துவைப்பதும் செய்த பெண்கள். ஒரு தடவை ஏறினால் 10 சென்ட். அந்தப் பத்து சென்டை அவர்கள் தர மறுத்ததும் பேருந்து கம்பெனி ஆட்டம்கண்டது. அவ்வளவு பேரை வேலைக்குக் கொண்டுபோய் விட கார்கள் ஓட வேண்டும். பெட்ரோலுக்குப் பணம்?

ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் இங்கேதான் வருகிறார். கோழிக்கறி வறுத்து சாண்ட்விச் செய்தார். தன்னைப்போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் பையும் செய்து விற்றார். வந்த காசைப் போராட்டக் கூட்டத்தில் கொண்டுவந்து கொட்டினார். அந்தக் குழுவுக்கு அவர் வைத்த பெயர், `எங்கிருந்தும் வராத சங்கம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், `எங்கிருந்தும் வரலை' என்று சொல்லிவிடலாம். பெயர் வெளியே தெரிந்தால் சமைத்துக்கொடுத்த பெண்களின் வேலை போய்விடும் அல்லவா!

வேலை போனது. மற்றவர்களுக்கல்ல, அவருக்கு. 1956-ல் மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில் நீதிமன்றத்துக்கு வந்து, பேருந்தில் தான் பட்ட அவமானத்தைச் சாட்சியாகச் சொன்னார். அவர் சமைத்துக்கொண்டிருந்த உணவகம் அவரை வெளியேற்றியது. கிங் கொடுத்த ஊக்கத்தில் வீட்டையே உணவகமாக்கினார். பிறகு கிங்கே அங்கே வந்து சாப்பிடுவார். 1990-ல் ஓர் உரிமைப் பேரணியின் 25-ம் ஆண்டு நிகழ்வுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜார்ஜியா கில்மோர் காலமானார். அவர் சமைத்துவைத்திருந்த உணவைத்தான் துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்கள்.

பழைய துணியில் ஒரு பண்டிகை

நமக்கு தீபாவளி எப்படியோ, அவர்களுக்கு ஈஸ்டர் அப்படி. வருடம் முழுக்க ஒட்டுப்போட்ட கவுனில் திரியும் பெண்ணுக்கும் அன்றைக்கு ஒரு புது டிரெஸ் உண்டு. தொப்பி, கையுறை, பளபளக்கும் ஷூ என்று தேவாலயமே கலர்ஃபுல்லாக இருக்கும். துணிக்கடைகள் ஈஸ்டர் சீஸனுக்காகத்தான் காத்திருக்கும்.

அந்த சீஸனில் கைவைத்தார்கள். 1960-ல் நாஷ்வில் நகரத்தில் உணவுக் கவுன்டர்களில் கறுப்பினத்தவருக்கு இடம் தர மறுத்ததற்காக, டவுன் கடைகளில் ஈஸ்டர் பர்ச்சேஸே கிடையாது என்று முடிவெடுத்தார்கள். மே 10-ம் தேதி கவுன்டர்கள் திறந்தன. அந்த ஊர் மாணவர்களுக்கு அறவழிப் போராட்டத்தைச் சொல்லிக்கொடுத்த ஜேம்ஸ் லாசன், அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை நம் நாக்பூரில் தங்கி காந்தியின் வழியைப் படித்துவிட்டுப் போனவர்.

பர்மிங்ஹாமில் இன்னும் கடினம். 1963 ஈஸ்டர் நேரத்தில் கடைகளைப் புறக்கணித்தார்கள். பிள்ளைக்குப் பண்டிகைக்குப் புதுத்துணி இல்லை என்று சொல்வது ஓர் அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். அக்கம்பக்கத்துக் குழந்தை புது கவுனில் வந்து நின்றால்? அதனால்தான் யாருமே வாங்கக்கூடாது என்றார்கள். ஒருவருக்கும் இல்லை என்றால் யாருக்கும் வலிக்காது.

அதன்பிறகு நடந்தவை உலகமே பார்த்தவை. பள்ளிக் குழந்தைகள் ஊர்வலம் போனார்கள். தீயணைப்புக் குழாயால் அடித்தார்கள், நாயை ஏவினார்கள். டவுன் வெறிச்சோடியது. கடைசியில் மே 10-ம் தேதி உடன்பாடு. அதில் எது எப்போது மாறும் என்று ஒரு கால அட்டவணையே போட்டார்கள். கழிப்பறைப் போர்டுகளை எடுக்க, நகர நிர்வாகம் முடிவான பிறகு 30 நாள். உணவுக் கவுன்டர்களுக்கு 60 நாளுக்குள் ஏற்பாடு. போராட்டம் நின்ற மூன்றே நாளில் மாற வேண்டும் என்று முதலில் எழுதப்பட்டது எது தெரியுமா?

ட்ரையல் ரூம்.

கதவு போட்ட, கண்ணாடி மாட்டிய அந்தச் சின்ன அறை. இத்தனை ரத்தம் அதற்கும் சேர்த்துத்தான்.

பூட்டிவைத்த ஷாம்பூ

இப்போது காலம் மாறிவிட்டது என்று சொல்லலாம். மாறித்தான் இருக்கிறது. ஆனால், 2020 ஜூன் வரைக்கும், அமெரிக்காவின் மிகப்பெரிய சூப்பர் மார்க்கெட்டான வால்மார்ட்டின் சில கிளைகளில் கறுப்பினப் பெண்கள் பயன்படுத்தும் கூந்தல் பொருள்கள் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்திலேயே மற்றவர்களுக்கான ஷாம்பூ திறந்த ஷெல்ஃபில் இருக்கும். இவர்கள் மட்டும் ஊழியரைக் கூப்பிட்டு, சாவி வரும்வரை நிற்க வேண்டும். ஒரு பெண் 2018-ல் இதற்காக வழக்கே போட்டார். ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு நாடு கொந்தளித்த அந்த ஜூன் மாதத்தில்தான், இனி பூட்ட மாட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது.

அதே நேரத்தில் ஆரோரா ஜேம்ஸ் என்ற ஃபேஷன் டிசைனர் இன்ஸ்டாகிராமில் ஒரு கோரிக்கை வைத்தார். நாட்டு மக்களில் கறுப்பினத்தவர் கிட்டத்தட்ட 15 சதவிகிதம். அப்படியென்றால் கடை ஷெல்ஃபிலும் 15 சதவிகிதத்தை அவர்கள் தயாரிக்கும் பொருள்களுக்கு ஒதுக்குங்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், புரிந்துவிடும். பெரிய நிறுவனங்களில் முதலில் சம்மதித்தது அழகுசாதனக் கடையான செஃபோரா. முந்தைய வருடம் பாடகி ஸிஸா, தங்கள் கடை ஒன்றில் தன்மீது செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்கள் என்று சொன்ன பிறகு, அமெரிக்கக் கிளைகளை எல்லாம் சிறிது நேரம் பூட்டி ஊழியர்களுக்கு வகுப்பெடுத்த அதே செஃபோராதான்.

டார்கெட் நிறுவனமும் வந்தது. அதன் தலைமையகம் இருப்பது, ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட அதே மினியாபொலிஸ் நகரத்தில். 2025-ம் வருடம் முடிவதற்குள் கறுப்பினத்தவரின் தொழில்களுக்கு 200 கோடி டாலருக்கு மேல் செலவழிப்போம், அவர்களது 500-க்கும் அதிகமான பிராண்டுகளை வைப்போம் என்று 2021-ல் அறிவித்தது. சீயக்காய், எண்ணெய் மாதிரி வீட்டில் கலக்கி விற்றுக்கொண்டிருந்த பெண்களின் க்ரீம்கள் நாடு முழுக்க ஷெல்ஃபில் உட்கார்ந்தன. கறுப்பினப் பெண்கள் அந்தக் கடையை `நம்ம கடை' என்றே நினைத்தார்கள்.

2025 ஜனவரியில் அதே டார்கெட், அந்தத் திட்டங்கள் பலவற்றை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அரசியல் காற்று திசை மாறியிருந்தது. எப்போதும் எதிராக நின்றவன்மேல் வராத கோபம், கைகொடுத்துவிட்டு இழுத்துக்கொண்டவன்மேல் வரும். அட்லாண்டா அருகே தேவாலயம் நடத்தும் ஜமால் பிரையன்ட், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கிய மார்ச் 5 முதல் 40 நாள் டார்கெட்டுக்குப் போகாமல் `விரதம்' இருக்கச் சொன்னார். தவக்காலத்தில் இறைச்சியை விடுவார்கள், இனிப்பை விடுவார்கள். இந்தத் தடவை ஒரு கடையை விட்டார்கள்.

பலர் காஸ்ட்கோ பக்கம் திரும்பினார்கள். காரணம், அந்த நிறுவனத்தின் பன்முகத்தன்மைக் கொள்கையை எதிர்த்து வந்த தீர்மானத்தை, அதன் பங்குதாரர்களில் 98 சதவிகிதத்துக்கும் மேல் நிராகரித்திருந்தார்கள். டார்கெட்டின் அடுத்த காலாண்டுக் கணக்கில் ஏற்கெனவே இயங்கிவந்த கடைகளின் விற்பனை 3.8 சதவிகிதம் சரிவு. ஜனவரி முடிவுக்கு வந்த எதிர்வினையும் காரணங்களில் ஒன்று என்று நிறுவனத் தலைவரே ஒப்புக்கொண்டார். வரி, விலைவாசி என்று மற்ற காரணங்களும் இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகஸ்ட்டில், அவர் பதவி விலகப்போகிறார் என்ற அறிவிப்பு வந்தது.

ஆனால், அந்த ஷெல்ஃபில் இருந்த க்ரீம் டப்பாக்கள் என்ன ஆகும்?

இதைக் கேட்டவர் டபிதா பிரவுன். சைவ சமையல் வீடியோக்களால் பிரபலமானவர். அவரது பொருள்களும் டார்கெட்டில் இருந்தன. ஜனவரியிலேயே வீடியோ போட்டார். நீங்கள் மொத்தமாக வருவதை நிறுத்தினால், எங்களைப்போன்ற சின்ன பிராண்டுகளின் விற்பனைதான் முதலில் விழும், அதையே காரணம் காட்டி எங்களை ஷெல்ஃபிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றார். அவ்வளவுதான், திட்டித் தீர்த்துவிட்டார்கள். `உனக்கு உன் செக்தான் முக்கியம்' என்று ஒரு பக்கம். `அந்த இடத்துக்கு வர அவ எவ்வளவு பாடுபட்டிருப்பா, தெரியுமா?' என்று இன்னொரு பக்கம்.

இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் கறுப்பினப் பெண்கள்தான். ஹார்லெமில் பில்லைச் சேர்த்துவைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அன்று ஷெல்ஃபில் அவர்கள் பொருளே இல்லையே!

சிலர் நடுவழி கண்டுபிடித்தார்கள். கடைக்குப் போவதில்லை. ஆனால், அந்த க்ரீமைச் செய்யும் பெண்ணின் சொந்த வெப்சைட்டைத் தேடிப்பிடித்து, அதே டப்பாவை அங்கே ஆர்டர் போடுகிறார்கள். டெலிவரி சார்ஜ் தனி. வீட்டுக்கு வந்துசேரச் சில நாள்கள் ஆகும். அதுவரை பாத்ரூமில் இருக்கும் பழைய டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, தட்டித்தட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.